மணிமொழி கண்ணில் கொண்டுவரும் நிறம்

கண்ணை மூடியபடி என் கடைப் படியேறி வருகிறாள் மணிமொழி. செருப்பைக் கழற்றுவதும், கல்லாவுக்கு எதிரே கிடக்கும் முக்காலியைக் காலால் துழாவி உட்காருவதும் அப்படியேதான். அவள் கணவர் பழனி முழங்கையைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பார்சல் இறக்கிய ஆளைப் போல வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறார். விவரம் தெரியாதவர்கள் உச்சுக்கொட்டி வழிவிடுவார்கள். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஊக்கு வாங்க வந்த ஒரு அம்மாள், பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பார்வை இல்லாதவள் என்று நினைத்தாரா, அருள் வந்தவள் என்று நினைத்தாரா, தெரியவில்லை. மணிமொழி பழத்தை உரித்துத் தின்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

அவள் கண்ணில் அப்போது ஒரு கோளாறும் இல்லை. நிறம் எடுத்து வருகிறாள், அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் நான் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஊசி, நூல், ஊக்கு, லேஸ், ஜரி, பாபின், எம்ப்ராய்டரிக்குத் துணியின் அடியில் வைக்கிற பேப்பர் என்று எல்லாம் உண்டு. பூவேலை மெஷின் வைத்திருக்கிற எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள். வருகிறவர்கள் புடவையின் ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவந்து, நூல்கண்டோடு ஒட்டிப் பார்த்து, எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி வேலை சுலபமாக முடிந்துவிடுவதில் மணிமொழிக்கு உடன்பாடில்லை. ஏமப்பேரில் உள்ள தன் வீட்டு வாசலில் புடவையை வெயிலில் விரித்து, வெகுநேரம் உற்றுப் பார்த்து, நிறம் நிரம்பிவிட்டது என்று தோன்றியதும் சட்டென்று கண்ணை மூடிக்கொள்வாள். பழனி வண்டியை உதைப்பார். பின்னால் உட்கார்ந்து, மூடிய கண்ணோடு ஊரின் பாதியைக் கடந்து என் கடைக்கு வந்துதான் திறப்பாள்.

"துண்டுத் துணி கொண்டாறது தையக்காரிங்க வேலை, ராணிக்கா. நான் கலரையே கொண்டாறேன். வழியில வேற எதனா பாத்துட்டா கலந்துடும். ஒரு நாளு பஸ் ஸ்டாண்டாண்ட தர்பூசணி வண்டியைப் பாத்துத் தொலைச்சிட்டேன். அன்னிக்கு எடுத்த ரோசு மொத்தமும் வீணு."

பேசினாலும் சிந்திவிடுமாம். அதனால் வழியில் பழனியும் பேசக்கூடாது. ஒருமுறை அரிசி மூட்டை ஏற்றிய ஆட்டோவில் வண்டி இடித்து, இருவரும் ரோட்டில் விழுந்தார்கள். மணிமொழி விழுந்த இடத்திலேயே கண்ணை மூடிக் கிடந்தாள். மயக்கம் என்று நினைத்துக் கூட்டம் முகத்தில் தண்ணீர் அடித்தது. யாரோ வெங்காயத்தை மூக்கில் வைத்தார். பழனிக்கு விஷயம் தெரியும், ஆனால் பேசக்கூடாதே, அவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் முழங்கையில் ரத்தத்தோடு வந்து என் முக்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்து, அலமாரியைப் பார்த்து, "பாசிப்பச்சை, கீழ ரெண்டாவது தட்டு" என்றாள். பஞ்சும் மருந்தும் எடுத்து வந்த என்னை, மறைக்காமல் நகரச் சொன்னாள்.

நகரச் சொல்வது அவளுக்கு வழக்கம். நான் கட்டியிருக்கும் புடவையின் நிறம் அவள் கொண்டுவந்த நிறத்துக்கு ஆகாது என்றால், நான் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொள்ள வேண்டும். சொந்தக் கடையில், சொந்தக் காசில் வாங்கிய புடவையோடு, நான் எத்தனையோ முறை குனிந்திருக்கிறேன்.

நூல் கம்பெனிக்காரர்கள் பாவம், உலகத்தில் உள்ள நிறத்துக்கெல்லாம் எண் போட்டு, அட்டையில் வரிசையாக ஒட்டி அனுப்புகிறார்கள். மணிமொழி அந்த அட்டையை விசிறிக்கொள்ளப் பயன்படுத்துவாள். அவளுடைய நிறங்களுக்கு வேறு விலாசம். கோமுகி அணை நிரம்பிய மறுநாளின் தண்ணீர் ஒரு நிறம். வெட்டுக்கு நிற்கிற கரும்பின் தோகை ஒரு நிறம். மரவள்ளித் தண்டின் சிவப்பு, மக்காச்சோளக் கதிரின் குஞ்சம். கரியாலூர் மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் மட்டும் தெரிகிற பச்சை என்று ஒன்று கேட்பாள். எனக்கு அந்த மூன்றாவது வளைவில் பஸ் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம். அதைச் சொன்னால், "நீங்க கண்ணைத் தொறந்து பாத்திருக்கணும்" என்பாள். கண்ணைத் திறப்பதைப் பற்றி அவள் எனக்குப் பாடம் எடுப்பாள்.

நிறம் முடிவானாலும் நூல் முடிவாகாது. ரேயான் நூல் மினுமினுக்கும், ஆனால் துவைக்கத் துவைக்கப் பல்லைக் காட்டும். பாலியஸ்டர் தாங்கும், ஆனால் அந்தப் பளபளப்பு வராது. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மணிமொழிக்கு அது போதாது. ஒரு முழம் நூலை உருவி, காதோரம் வைத்து வெடுக்கென்று அறுப்பாள். "செத்த நூலு. சத்தமே வரல பாருங்க." அடுத்ததை மேலுதட்டில் வைத்து இழுப்பாள், முடிச்சு தட்டுகிறதா என்று. ஊசியின் முனையை நகத்தில் கீறிப் பார்ப்பாள். அடிப் பேப்பரைக் கன்னத்தோடு வைத்துக் கசக்குவாள். ஜரியைக் கடிப்பாள். கடித்த ஜரியை வாங்காமல் வைத்துவிட்டும் போவாள். அடுத்து வருகிறவர்களுக்கு நான் அதை விற்கிறேனா என்று கேட்காதீர்கள்.

எல்லாம் தேறிவிட்டது என்றால் கடைசியாக ஒரு காரியம் செய்வாள். கண்டின் அடியில் வட்டமாக ஒட்டியிருக்கும், எண் அச்சடித்த லேபிளை நகத்தால் நெம்பிக் கிழித்து, என் கல்லா மேலேயே போடுவாள். வீட்டில் அவளுடைய நூல் பலகையில் ஒரு கண்டுக்கும் லேபிள் கிடையாது.

"நம்பரு கம்பெனிக்காரனுக்கு. கண்ணு எனக்கு. அத்தப் பாத்துக்கினு இருந்தா கண்ணு சோம்பேறி ஆயிடும்க்கா."

இவ்வளவு அழிச்சாட்டியத்தையும் நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்றால், அவள் போடுகிற வேலை அப்படி. அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். பள்ளிக்கூடச் சட்டைப் பைக்கு முத்திரை போட்டாலும் சரி, கோயில் குடைக்கு யாளி போட்டாலும் சரி, அவள் நிறம் வைத்தால் அது துணியிலேயே முளைத்ததாகத் தோன்றும். கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் முதுகைப் பார்த்தே, "மணிமொழி போட்டதா?" என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் முகத்தைப் பற்றி யாரும் அவ்வளவு சிரத்தையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

போன ஆடியில் ஆரம்பித்தது. ஒரு நாள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தவள், முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா, வெள்ளையெல்லாம் பழுப்படிச்சிக் கெடக்குது? பழைய ஸ்டாக்கைத் தள்ளி வுடறீங்களா?"

அன்று காலையில் இறங்கிய பெட்டியை அவள் எதிரிலேயே பிரித்தேன். "பொட்டியே பழசு" என்றாள். சரி, கடை வெளிச்சம் போதவில்லையோ என்று புது விளக்கு மாட்டினேன். பழையதாவது பரவாயில்லை, இது மஞ்சளடிக்கிறது என்றாள். அப்புறம் ஊரில் உள்ள எல்லா வெளிச்சத்தின் மேலும் அவளுக்குக் குறை வந்தது. எதிரே வருகிற வண்டிகளின் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறதாம், இந்தக் காலத்து வண்டிக்காரர்களுக்கு விளக்கு வைக்கத் தெரியவில்லையாம். வெயில்கூட முன்பு போல இல்லையாம். தன் கண்ணைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாம் கெட்டுவிட்டது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அது அவளிடம் ஜாஸ்தி.

அடுத்தது நீலம். எந்த நீலத்தை எடுத்து வைத்தாலும், "மங்கலா கீது. இன்னும் நீலமா குடுங்க" என்பாள். நான் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டின் மூலையிலிருந்து ஒரு கண்டை எடுத்தேன். ஏதோ கபடிக் குழுவின் பனியனுக்கு என்று வரவழைத்து, பிறகு அந்தக் குழுவே வேண்டாமென்று போன நீலம் அது. அதன் மேல் படிந்திருந்த தூசிகூட நீலமாகத் தெரியும். மணிமொழி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "இத்தினி நாளா இத்த எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

அந்த நீலம் முதலில் ஏறியது என் தோளில்தான். ஆவணியில் என் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக, சந்தன நிற ரவிக்கையின் இரண்டு தோளிலும் மயில் போடக் கொடுத்திருந்தேன். விழாவன்று காலையில்தான் பையைப் பிரித்தேன். மாற்று ரவிக்கை இல்லை. பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாயசத்தைக்கூடப் பார்க்காமல் என் தோளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு சின்னக் குழந்தை தொட்டுப் பார்த்து, சுடுகிறதா என்று கேட்டது. மறுவாரம் மணிமொழியிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"மணி, நீலம் கண்ணை அடிக்குது. எதுக்கும் ஒருதரம் டாக்டராண்ட கண்ணைக் காட்டேன்."

"கண்ணை அடிச்சாத்தான்க்கா மயிலு. இல்லன்னா அது கோழி" என்றாள். கண்ணைக் காட்டச் சொன்னதற்கு, முக்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நூல் வாங்கினாள். அங்கே ஜரியைக் கடிக்க விடவில்லை போலிருக்கிறது, திரும்பி வந்தாள். கண் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நீலம் மட்டும் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் கச்சிராயபாளையத்திலிருந்து கமலா அம்மாள் வந்து, தன் மகள் நிர்மலாவின் கல்யாண ரவிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனார். அரக்குப் பட்டு. முதுகில் இரண்டு வெள்ளை அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மணிமொழி மெஷினை ஓடவிட்டாள். ஒரு அன்னம் முடியும்போது கண்டில் நூல் தீர்ந்தது. பலகையிலிருந்து இன்னொரு வெள்ளைக் கண்டை எடுத்து மாட்டினாள். லேபிள் இல்லாத பலகை என்பதை மறந்துவிடாதீர்கள். மெஷினுக்கு என்ன தெரியும், மாட்டியதைத் தைத்தது. நிர்மலாவின் முதுகில் ஒரு அன்னம் வெள்ளையாகவும், எதிரே இருந்த அன்னம் எலுமிச்சை மஞ்சளாகவும் வந்து இறங்கின.

கமலா அம்மாள் கார் வைத்துக்கொண்டு ஏமப்பேருக்கு வந்தார். குறை இருந்தால் மட்டுமே வாயைத் திறக்கிற ரகம் அவர். ரவிக்கையைத் தெருவிலேயே விரித்துப் பிடித்தார்.

"இன்னாங்க இது? கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்ள அன்னத்துக்கு மஞ்சக்காமாலையா?"

மணிமொழி ரவிக்கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் வெள்ளதானம்மா. வெயிலு படற பக்கம் அப்படித் தெரியும்" என்றாள். ரவிக்கையை எந்தப் பக்கம் திருப்பினாலும், வெயில் அந்த ஒரே அன்னத்தின் மேல்தான் பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தை பொறந்தா கல்யாணம். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்தா குடுங்க. இல்லன்னா சேலத்துல குடுத்துக்குறோம்."

கள்ளக்குறிச்சியில் பூவேலை செய்கிறவளைப் பார்த்து, சேலம் என்று சொல்வது கன்னத்தில் அறைவதற்குச் சமம். கச்சிராயபாளையத்தில் ஒரு வீடு சேலத்துக்குப் போனால் அடுத்த வீடும் போகும், அதற்கடுத்த வீடும் போகும். இது தெரியாதவள் இல்லை மணிமொழி.

அன்று மத்தியானம் என் கடைக்கு வந்தாள். கண்ணைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை, அதனால் நான்தான் பயந்தேன். அன்னத்துக்கு மாட்டிய கண்டையும், பலகையிலிருந்த இன்னொரு வெள்ளைக் கண்டையும் கல்லா மேல் வைத்தாள்.

"ராணிக்கா, வெள்ளைன்னு சொல்லி மஞ்சளை வித்துட்டீங்க. ஒரு கல்யாண ஜாக்கெட்டே போச்சு. இத்தினி வருசப் பழக்கத்துக்கு நல்லா செஞ்சீங்க."

கடையில் ஆள் இருந்தது. எனக்கும் சுருக்கென்று ஏறியது. "எது நான் வித்த மஞ்சள்? நீயே எடுத்துக் காட்டு" என்றேன். அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளிச்சத்தில் ஒன்றை உயர்த்திப் பிடித்தாள். இன்னொன்றை உயர்த்திப் பிடித்தாள். கண்ணை இறுக்கி மூடி, திறந்தாள். மறுபடி முதல் கண்டு. பிறகு ஒன்றை என் பக்கம் நீட்டினாள்.

"இது வெள்ள. அது மஞ்ச."

வாசலில் நின்றிருந்த பழனி மெதுவாகச் சொன்னார். "மணி, நீ இப்ப நீட்டுறதுதான் மஞ்ச."

கல்யாணமான நாளிலிருந்து நிறத்தைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவர் போட்டிருக்கும் சட்டையின் நிறமே அவள் எடுத்ததுதான். அவள் கண்டைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தினி நாளா தெரியும்?"

"ஆடியிலயே தெரியும்."

"சொல்றதுக்கு இன்னா?"

"உன் கண்ணாச்சே. அதுல நான் இன்னா சொல்றது?"

மணிமொழி முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வசவுகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அவளைப் பார்த்துப் பாவப்படுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவரிடம் பந்தயமே கட்டியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில், இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். அதுவும் நன்றாக முற்றிய புரை. சர்க்கரை இருக்கிறவளுக்குச் சீக்கிரமே வருமாம். எடுத்துவிட்டால் பளிச்சென்று தெரியும் என்று டாக்டர் சொன்னார். ஊரில் எத்தனையோ பேர் செய்துகொண்டு, மறுநாளே டிவி பார்க்கிறார்கள். மணிமொழி மட்டும் மாட்டேன் என்று வந்துவிட்டாள். ஊசிக்குப் பயமா, கத்திக்குப் பயமா என்று கேட்டேன். இரண்டும் இல்லை.

"உள்ள கீற சில்லை எடுத்துட்டு, பிளாஸ்டிக்ல ஒண்ணு வெப்பாங்களாம்க்கா. கம்பெனிக்காரன் செஞ்சது. அதுக்கும் நம்பரு கீதாம். நான் பாத்து வெச்சிருக்கிற கலரெல்லாம் பழைய கண்ணுலதான கீது? அத்த எடுத்துட்டா அப்புறம் நான் யாரு?"

நான் சிரிக்க வாயைத் திறந்தேன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்றாவது வளைவின் பச்சையும் அணைத் தண்ணீரும் அந்தக் கலங்கிய கண்ணுக்குள்தான் இருக்கின்றன என்று நிஜமாகவே நம்பினாள். சும்மா இருக்க மாட்டாமல், "டாக்டராண்ட சொல்லி பழைய கண்ணை ஒரு டப்பாவுல போட்டு வாங்கிக்கினு வந்துடு" என்றேன். "குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

கடைசியில் ஒரு கண்ணுக்கு மட்டும் சம்மதித்தாள். "மொதல்ல வலது. அது தேறலன்னா, பழசு ஒண்ணாவது மிச்சம் இருக்கும்." ஒரு தடவைக்கு ஒரு கண்தான் செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. டாக்டரோடு பேரம் பேசி ஜெயித்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். கார்த்திகையில் நடந்தது. அரக்குப் பட்டு அதுவரை பெட்டிக்குள் காத்திருந்தது, கமலா அம்மாள் பழனிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்து சேலத்தை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்.

மார்கழியில் அவள் கடைக்கு வரப் போகிறாள் என்று பழனி முதல் நாளே சொல்லியிருந்தார். மனிதருக்குப் பேச்சு வந்துவிட்டதல்லவா, இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறார். நானும் தயாராக இருந்தேன். பெட்டியின் அடியில் சுருட்டி வைத்திருந்த சந்தன நிற ரவிக்கையை எடுத்து இஸ்திரி போட்டு, வேண்டுமென்றேதான் மாட்டிக்கொண்டேன். பழுப்படித்த வெள்ளை, பழைய பெட்டி, கோழி, மயில் என்று அவள் பேசிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். பந்தியில் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்த கூட்டத்துக்கு, அவளும் ஒருநாள் பதில் சொல்ல வேண்டாமா?

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை. முக்காலியைக் காலால் துழாவி உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். வெள்ளை நூல் அடுக்கைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்தி, இடது கண்ணால் பார்த்தாள். கையை மாற்றினாள். மறுபடியும் மாற்றினாள்.

"இந்தக் கண்ணுக்கு வெள்ள. இந்தக் கண்ணுக்கு மஞ்ச. அதே நூலுதான்க்கா." கையை இறக்கி, "அப்போ இத்தினி நாளா நீங்க நல்ல நூலுதான் வித்துக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டாள். மன்னிப்பு என்ற பேரில் அவளிடமிருந்து யாரும் இதுவரை பெற்றதில் இதுதான் பெரியது என்று பழனி பிறகு எனக்குச் சொன்னார்.

"மூணாவது வளைவு பச்சை?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அடுக்கைப் பார்த்தாள். கீழிருந்து ஒரு கண்டைத் தயங்காமல் உருவிக் காட்டினாள். "இங்கதான் கீது. எங்கியும் போவல." அந்தக் கண்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் தூசி என்று சொல்லி இருமினேன்.

அன்னத்துக்கான வெள்ளையைப் பொறுக்கி எடுத்தாள். காதோரம் வைத்து அறுத்தாள், உதட்டில் இழுத்தாள், எல்லாம் முறைப்படி. அந்த வெள்ளை பிறகு நல்லபடியாகவே நிர்மலாவின் முதுகில் ஏறியது. கல்யாணத்தில் கமலா அம்மாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சேலத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அது கிடக்கட்டும். வெள்ளைக் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு இவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அதன் அடியிலிருந்த லேபிளை நகத்தால் நெம்பினாள்.

"அடிப்பாவி, இன்னுமா?" என்றேன்.

"இனிமே இன்னா பயம்க்கா" என்று கிழித்து, என் கல்லா மேல் போட்டாள்.

இதுதான் சமயம் என்று, நூலைப் பையில் போடுகிற சாக்கில் கல்லாவைச் சுற்றிக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன். வலது தோளை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மணிமொழி நிமிர்ந்தாள். மயிலைப் பார்த்தாள். வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் பார்த்தாள். அந்தக் கண்ணில் அது இன்னும் அழகாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் அவள் முகம் ஒரு நொடி தெளிந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நான் சேர்த்து வைத்திருந்ததில் எதை முதலில் சொல்லலாம் என்று யோசித்தேன்.

அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். என் முந்தானையின் நுனியைப் பிடித்து, முதுகைச் சுற்றி முன்னால் இழுத்து, வலது தோளையும் சேர்த்து மூடி, மயிலின் கொண்டைகூட வெளியே தெரியாதபடி நன்றாக இழுத்துவிட்டு, முனையை என் இடுப்பில் அழுத்திச் செருகினாள்.